வியாழக்கிழமை இரவு டிக்டேஷன்: மேற்குச் சென்னையில் ஓர் ஒலியியல் கள ஆய்வு

டிக்டேஷன் வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் நடக்கிறது என்று கல்வி உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. எமது ஆய்வு இதை ஏற்கவில்லை. வியாழன் இரவு சமையலறை வாசலில், மூன்றாவது விசிலுக்கும் நான்காவது விசிலுக்கும் நடுவே அது நடந்து முடிந்துவிடுகிறது. மறுநாள் மிஸ் செய்வது ரிசல்ட் அறிவிப்பது மட்டும்தான்.

ஆய்வுக் களத்தின் எல்லைகள் வருமாறு: கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, மேற்கே ஆவடி டாங்கி ஃபேக்டரி, தெற்கே பூந்தமல்லி. இதற்கு அப்பால் ஆய்வாளருக்கு உறவினர் இல்லை. சொல்பவர் பெரும்பாலும் அம்மா. எழுதுபவர் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் எங்காவது படிப்பவர். செகண்ட் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு மேல்முறையீட்டு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் வருவதற்குள் பிரதிவாதி தூங்கிவிடுவதால் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

“வெட்-நெஸ்-டே. எழுது.”

“ம்மா, மிஸ் வென்ஸ்டேன்னுதான் சொன்னாங்க.”

“படிக்கும்போது வென்ஸ்டே. எழுதும்போது வெட்நெஸ்டே. கேள்வி கேக்காம எழுது.”

தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை 1968 முதல் நடப்பில் இருப்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஆங்கிலத்துக்குள்ளேயே வாய்க்கு ஒன்று, கைக்கு ஒன்று என இரண்டு மொழிகள் உண்டு என்று கண்டு சொன்னவர்கள் அம்பத்தூர்த் தாய்மார்களே. ‘க்நைஃப்’, ‘டு-கெட்-ஹெர்’, ‘ஃப்ரி-எண்ட்’ எல்லாம் இந்தக் கைமொழியைச் சேர்ந்தவை. கான்வென்ட்டில் படித்த சித்திமார்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். சுளிப்பதற்கு ஆதாரம் போதாது.

ஏனென்றால் கத்தியைக் குறிக்கும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தான ‘கே’யை ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் வாயாரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் அதைக் கைவிட்டார்கள். புதன்கிழமையின் ‘டி’யும் அப்படியே. அது வோடன் என்ற பழைய தெய்வத்தின் நாள். சாமி பேரில் இருந்த எழுத்தை அவர்கள் விழுங்கிவிட்டார்கள். 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அதன் பிறகு எழுத்து அச்சில் மெல்ல மெல்ல உறைந்தது, நாக்கு மட்டும் தன்போக்கில் போய்விட்டது. ஆகவே அடுப்பைக் குறைத்துவிட்டு ‘க்நைஃப்’ என்று ஒரு தாய் உரக்கச் சொல்லும்போது, ஆக்ஸ்ஃபோர்டில்கூட யாரும் பேசாத பழைய ஆங்கிலம் ஆவடி ஹவுசிங் போர்டில் உயிர்பெறுகிறது. இதற்கு ட்யூஷன் ஃபீஸ் கிடையாது.

‘ஐஸ்-லேண்ட்’ மட்டும் விதிவிலக்கு. தீவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ‘எஸ்’ஸை எந்தக் காலத்திலும் எவரும் உச்சரித்ததில்லை. அந்தச் சொல்லுக்கும் லத்தீன் ‘இன்சுலா’வுக்கும் உறவு இருப்பதாகத் தவறாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டில் நுழைத்த எழுத்து அது. கடனைக் குறிக்கும் சொல்லுக்குள் ‘பி’ வந்ததும் இதே லத்தீன் மோகத்தால்தான். படித்தவர்கள் செய்த காரியத்துக்குத் திருமுல்லைவாயிலில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் அரை மார்க் இழக்கிறான்.

நினைவாற்றல் பற்றி இரண்டே வார்த்தை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, 1885இல் நூல் வெளியிட்டார். மனப்பாடத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது என்பது அவர் முடிவு. திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாள் நம் வீட்டில் நோட்டே பையை விட்டு வெளியே வருவதில்லை என்பதால் அதை இங்கே சோதிக்க முடியவில்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்கர்கள் கண்டது இன்னும் சுவையானது. ஐந்து நிமிடத்தில் தேர்வு என்றால் திரும்பத் திரும்பப் படித்தவர் முந்துகிறார். ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் மூடிவைத்துத் தம்மையே சோதித்துப் பார்த்தவர் முந்துகிறார். ஸ்கூல் வேன் பள்ளி கேட்டில் நிற்கும்வரை நோட்டை விரித்துவைத்து முணுமுணுக்கும் குழந்தை ஆக விஞ்ஞானப்படியே நடக்கிறது. அடுத்த வாரம் அதே சொல்லைக் கேட்பதுதான் விஞ்ஞானத்துக்கு விரோதம்.

தமிழ் டிக்டேஷனில் அம்மாவின் அதிகாரம் பாட்டிக்குப் போகிறது. “மூணு சுழியா, ரெண்டு சுழியா?” என்பது இக்களத்தின் ஆதாரக் கேள்வி. பாட்டியிடம் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ‘ட’வுக்கு முன்னால் மூன்று சுழி: வண்டி. ‘ற’வுக்கு முன்னால் இரண்டு சுழி: கன்று. ‘த’வுக்கு முன்னால் ‘ந’: பந்து. எழுத்தின் பெயரிலேயே அதன் துணையும் இருப்பதால் தனியாக மனப்பாடம் தேவையில்லை. இவ்வாய்வில் நாம் கண்ட ஒரே நேர்மையான குறுக்குவழி இது.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பாட்டி ‘மலை’ என்று எழுதிக் காட்டுகிறார். அதில் ‘லை’க்கு மேலே ஒரு தும்பிக்கை தூக்கி நிற்கிறது. “பாட்டி தப்பு” என்கிறாள் பேத்தி. பாட்டி தப்பில்லை. பெரியார் 1935 முதல் தம் இதழில் பயன்படுத்திவந்த, இந்தத் தும்பிக்கையை நீக்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல்தான் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. பாட்டி ஒன்றாம் வகுப்பு முடித்தது அதற்கு முன்பு. அவருக்கு அரசாணை நேரில் வழங்கப்பட்டதற்கான சான்று எதுவும் களத்தில் கிடைக்கவில்லை.

இப்பகுதிக் குழந்தைகளைக் கடிந்துகொள்வோர் 2020 ஜூன் மாதத்தைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒலிப்பதுபோலவே ஆங்கிலத்திலும் எழுதவேண்டும் என்று 1018 பெயர்களுக்கு அரசு புது ஸ்பெல்லிங் வெளியிட்டது. அம்பத்தூரின் இரண்டு ‘டி’க்கும் ஆளுக்கொரு ‘எச்’ கிடைத்தது. ‘யு’ போய் இரட்டை ‘ஓ’ வந்தது. பூந்தமல்லி ஆங்கிலத்திலும் பூவிருந்தவல்லி ஆனது. வேலூருக்குக் கொடுத்ததை எழுத்துக்கூட்டினால் ‘வீலூர்’ என்று வந்தது. ஊரே சிரித்தது. 18ஆம் தேதி ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதை அறிவித்த தமிழ் ஆட்சிமொழித் துறை அமைச்சர் மாஃபா பாண்டியராஜன் அப்போது ஆவடித் தொகுதி எம்.எல்.ஏ. நோக்கம் நல்லதுதான், ஒலிக்கிறபடி எழுதவேண்டும் என்பதுதானே குழந்தையின் கட்சியும்? ஆனால் வாரத்துக்குப் பத்துச் சொல் எழுதுபவனுக்கு இரண்டு தப்புக்கு இம்போசிஷன் உண்டு. அரசுக்கு அது இல்லை.

எஞ்சியிருப்பது பெயரியல். எண் கணித ஜோசியர் சொன்னார் என்று பிள்ளையின் பெயரில் ஒரு ‘ஏ’யைக் கூட்டி, ‘எச்’ ஒன்றையும் செருகியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, ஸ்கூல் ரெக்கார்டில் மூன்றாவது மாதிரி. அந்தப் பெயரை நோட்டின் அட்டையில் எழுதிவிட்டு உள்ளே பத்துச் சொல் எழுதியவனிடம், ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா மறுநாள் காலை நோட்டைப் புரட்டிக் கேட்கிறார்: “தேவையில்லாம எதுக்குடா எக்ஸ்ட்ரா லெட்டர் போட்ட?”