தொண்டர் நாமல்

2022 ஏப்ரல் 3. இலங்கையில் கோத்தபய ராஜபக்ச அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் எல்லாவற்றையும் பூட்டியது. அன்றே அமைச்சர் நாமல் ராஜபக்ச விபிஎன் போட்டுக்கொண்டு ட்விட்டருக்கு வந்து, விபிஎன் இருக்கையில் இந்தத் தடை வீண் என்றார். தடையைத் தாண்ட வழி சொல்லும் தொண்டர்கள் உலகெங்கும் உண்டு. இலங்கையில் பூட்டிய அமைச்சரவையே ஒருவரைத் தந்தது. தடை அன்றே விலகியது. இரவு அமைச்சரவையும் விலகியது.

மற்ற தொண்டர்களுக்கு இத்தனை பதவி கிடையாது. இணையத் தடையைத் தாண்ட உதவும் டோர் திட்டத்தின் ‘ஸ்னோஃப்ளேக்’ நீட்சியை உலாவியில் சேர்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள். கர்நாடகத்து ஹனூரில் ஒருவர் சேர்த்தால் தெஹ்ரானில் ஒருவருக்கு வாசல் திறக்கும்; காவல்காரன் கண்ணுக்கு அது ஏதோ வீடியோ அழைப்பு. ஹனூர் வீரப்பன் நடமாடிய வட்டாரம். சந்தனக்கட்டைக்குப் பதில் இப்போது செய்தி கடக்கலாம், அவ்வளவுதான்.

நம் இந்திய அரசும் சளைத்ததல்ல. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவு போட்டது. அதாவது, ஒளிந்து போகிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒளிய வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து இந்திய முகவரி வழங்கியது.