கரும்பு குடிக்கும் வண்டி

1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தைத் தொடங்கியவர்கள், அந்தப் பயிர் ஒருநாள் அவிநாசி ரோட்டில் எஸ்.யூ.வி. ஓட்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இன்றைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு, கரும்பிலிருந்தும் எடுக்கும் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதன் எரியாற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டுதான். ஆக மைலேஜ் நூற்றுக்கு ஆறேழு குறைந்தாக வேண்டும். பழைய கார்களுக்கு நிதி ஆயோக்கே 2021-இல் சொன்ன கணக்கு இது. 'ஆக்டேன் கூடுகிறதே, இன்ஜினுக்கு நல்லதாச்சே' என்பார்கள். நல்லதுதான், அதற்கென்றே வடித்த இன்ஜினுக்கு. பழைய வண்டியின் ரப்பர் வாஷருக்கு ஆக்டேன் தெரியாது. ஊறும், உப்பும், கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் படியும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கேதான்.

'விவசாயிக்குத்தானே காசு போகுது?' கொங்கு நாட்டில் இதற்கு எதிர்ப்பேச்சு பேச யாருக்குங்க வாய் வரும்? ஆனால் இந்தக் கலவையை மலிவாக விற்கவேண்டும் என்றும் அதே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. அந்தப் பக்கம் மட்டும் பங்க் வரை வந்து சேரவில்லை. போதாக்குறைக்கு, எத்தனாலுக்கு இப்போது மக்காச்சோளமும் போகிறது. நாமக்கல் கோழிக்கும் எஸ்.யூ.வி.க்கும் ஒரே தீவனம். கோழியாவது முட்டை போடும்.