கூப்பிட்டால் வராத கணக்கு

சனிக்கிழமை என்றால் திருப்பூரில் சம்பள நாள். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொருவருக்கும் பீஸ் கணக்குப் பார்த்து, கவரில் போட்டு, சாயங்காலத்துக்குள் கையில் கொடுத்தாக வேண்டும். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம், அப்படியொரு சனிக்கிழமை மதியம் கணக்குப் பிரிவுப் பெண் எழுந்து ஓடி வந்தாள்.

"சார், சம்பள ஷீட் ஓப்பன் ஆகலீங்க. ஃபைல் போயிருச்சாட்ட இருக்குங்க."

போய்ப் பார்த்தேன். டபுள் கிளிக் செய்தால் எக்செல் வருகிறது. மேலே பச்சைப் பட்டை, மெனு எல்லாம் இருக்கின்றன. ஆனால் கீழே கட்டங்கள் இல்லை. வெறும் சாம்பல் நிறத் திரை. அவள் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டே இருந்தாள். விரல் நடுங்கியது. கீழ்த்தளத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன.

நான் கம்ப்யூட்டரைத் தொட்டது 1991இல். அப்போது லோட்டஸ் 1-2-3தான். கறுப்புத் திரையில் '123' என்று அடித்து என்டர் தட்டினால் முதலில் லோட்டஸ் வரும். பிறகு சாய்கோடு, எஃப், ஆர் என்று மூன்று விசைகள். ஃபைல் பெயர்கள் மேலே வரிசையாக வந்து நிற்கும். பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அம்புக்குறியை நகர்த்தி வேண்டியதை எடுப்போம். கணக்கெல்லாம் 360 கேபி ஃப்ளாப்பியில் இருக்கும். லேபிளை ஒட்டிய பிறகு அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால்தான் எழுதுவோம். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் உள்ளே தகடு கெட்டுவிடும். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் முதலில் செயலி, அப்புறம் ஃபைல் என்ற வரிசை எங்கள் கைக்குத் தெரிந்திருந்தது. ஃபைல் வராவிட்டால், எந்தப் படியில் தடங்கல் என்பதும் தெரிந்துவிடும்.

டபுள் கிளிக் அந்த இரண்டு படிகளையும் ஒன்றாக்கிவிட்டது. அது பெரிய வசதி, நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இன்றும் இரண்டு வேலைகள்தான் நடக்கின்றன. விண்டோஸ் முதலில் எக்செலை எழுப்புகிறது; பிறகு 'இந்த ஃபைலைத் திற' என்று அதற்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி போகும் வழிக்கு டைனமிக் டேட்டா எக்ஸ்சேஞ்ச், சுருக்கமாக டிடிஇ, என்று பெயர். அந்தச் செய்தியைக் காதில் வாங்காதே என்று எக்செலிடம் சொல்லி வைத்திருந்தால், எக்செல் எழுந்து வரும், ஃபைல் வராது. அன்று அந்தப் பெண் பார்த்த சாம்பல் திரை அதுதான்.

நான் லோட்டஸ் பழக்கத்தில், எக்செலுக்குள் இருந்தபடியே கண்ட்ரோல் ஓ அழுத்தி, ஃபோல்டருக்குள் போய் ஃபைலை எடுத்தேன். ஒரு பைசா குறையாமல் கணக்கு முழுவதும் வந்தது. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகு ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், கீழே ஜெனரல் பகுதியில் 'இக்னோர் அதர் அப்ளிகேஷன்ஸ் தட் யூஸ் டைனமிக் டேட்டா எக்ஸ்சேஞ்ச்' என்ற வரிக்கு முன்னால் இருந்த டிக்கை எடுத்தேன். எக்செலை மூடிவிட்டு டபுள் கிளிக் செய்யச் சொன்னேன். திறந்தது.

எப்போதும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஃபைல் வேறு செயலியோடு இணைந்து போயிருந்தால், வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்'தில் எக்செலைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதிலேயே திற என்று குறிக்க வேண்டும். மெயிலில் வந்த ஃபைல் சில சமயம் திறக்க மறுக்கும். அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஆட்-இன் தடுக்கிறது என்ற சந்தேகம் வந்தால், கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி எக்செலைத் திறந்தால் அது சேஃப் மோடில் வரும். ஃபைலே கெட்டிருந்தால்கூட, எக்செலின் ஓப்பன் பெட்டியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' இருக்கிறது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், சில வருடம் முன்பு வேறொரு அலுவலகத்தில் நான் பார்த்தது. அங்கேயும் இதே சாம்பல் திரை. சரிசெய்ய வந்த பையன் வைரஸ் என்று சொல்லி மெஷினை ஃபார்மட் செய்துவிட்டான். டெஸ்க்டாப்பில் மட்டுமே இருந்த மூன்று வருட நூல் கொள்முதல் கணக்கு அதோடு போனது. பில் கட்டுகளைப் பிரித்து வைத்து, இரண்டு பேர் உட்கார்ந்து மாதக்கணக்கில் திரும்ப ஏற்றினார்கள். அந்தக் கட்டுகளின் தூசி வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஒரு டிக்கை எடுத்திருந்தால் போதுமோ என்று இன்றும் மனசு ஆறவில்லை.

ஆகவே கணக்கு எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டபுள் கிளிக்கில் ஃபைல் திறக்கவில்லை என்றால் அதை அழிக்காதீர்கள், அதே பெயரில் புதிதாக எதையும் சேவ் செய்யாதீர்கள், யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். முதலில் அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு எக்செலைத் தனியாகத் திறந்து, கண்ட்ரோல் ஓ அழுத்திப் பாருங்கள்.