விடாப்பிடிப் பிரேக்கின் நிதான சாஸ்திரம்

பிரேக் பிடிக்காத மோட்டார் வண்டியைக் கண்டு அஞ்சாதார் உலகில் இல்லை. ஆனால் ஒருமுறை பிடித்ததைப் பின்னர் விடவே மாட்டேன் என்று நிற்கும் வண்டிக்கு, அது வெறும் அசடு என்று எண்ணியோ என்னவோ, அறிஞர் பெருமக்கள் உரிய மரியாதையைச் செலுத்தத் தவறிவிட்டார்கள். அக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்த இவ்விசாரணைக்கு விஷயமாக அமைவது, 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகத் தரிசனம் தந்து, 1961ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சமாகப் பெருகிய, அலெக் இசிகோனிஸின் மானச புத்திரியாகிய மோரிஸ் மைனர். கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமாகி, நகரத்துப் புது வண்டிகள் ‘டபிள்யூ’ எழுத்தைத் தரிக்கத் தொடங்கிய பின்னும், பிரிக்பீல்ட்ஸில் பழைய மோரிஸ் ஒன்று நின்றால் அது சிலாங்கூரின் ‘பி’ எழுத்தையே நெற்றியில் தாங்கி நிற்கும். விடாமை என்னும் குணம் அதன் ஜாதகத்திலேயே உள்ளது என்பதற்கு இதனை ஓர் அத்தாட்சியாகக் கொள்ளலாம்.

இந்நோயின் முதல் இலட்சணம், அது சிகிச்சைக்குப் பின்னரே தோன்றுவது. லைனிங் தேய்ந்து, பம்பு கசிந்து, ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்த காலமெல்லாம் முனகாமல் உருண்ட வண்டி, உடையவர் பாசத்தின் மேலீட்டால் அனைத்தையும் புதிதாக மாற்றிப் பூஜையும் போட்ட பிறகு, கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிச் செல்லும்போது தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. பங்சாரைத் தாண்டும்வரை ஒரு விகற்பமும் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஆக்சிலரேட்டரை வழக்கத்துக்குச் சற்று மேலாக மிதிக்க வேண்டியிருக்கிறது. சுபாங்கில் கருகல் வாடை. கிள்ளானில் இறங்கிப் பார்த்தால் முன் சக்கரங்களின் அருகே கை வைக்க முடிவதில்லை. மனிதர் மனம் உடைந்து, தெங்கு கிளானா சாலையில் ஒரு தே தாரிக் குடித்து ஆறுதல் அடைவதற்குள் சக்கரமும் ஆறிவிடுகிறது. பட்டறைப் போர்மன் ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, “நல்லாத்தானே சுத்துது ஐயா! நீங்க பிரேக்கு மேல கால வச்சுக்கிட்டே ஓட்டியிருப்பீங்க” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். பூஜையன்று காலையில், வண்டி குளிர்ந்திருந்த வேளையில், சக்கரத்தடி எலுமிச்சம்பழமும் செவ்வனே நசுங்கியது. ஆதலால் சகுன சாஸ்திரமும் இங்கே துணைக்கு வருவதற்கில்லை.

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்புண்டு என்பது தருக்க நூலோரின் பழைய உதாரணம். டிரம்மில் புகை தெரிந்தால் குற்றமும் டிரம்மிலேயே உண்டு என்று அதனை நீட்டிக்கொண்டவர்களைச் சக்கரவாதிகள் என்று அழைப்போம். இவர்கள் கூற்று முற்றும் பொய்யன்று. மைனரின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூ இரண்டு, அவற்றை நெருக்கும் திருகும் இரண்டு. டிரம்மில் உள்ள துவாரத்தின் வழியே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து, சக்கரம் இறுகும்வரை திருகி, பிறகு ஒரு பல் பின்வாங்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு பல்லை மறந்தவர்களும், ஸ்பிரிங்கை வேறு துளையில் மாட்டியவர்களும் உண்டு. ஆயினும் அக்குற்றம் இருந்தால் காலையிலும் சக்கரம் உரசியே தீரவேண்டும். குளிர்ந்தபோது சுழல்வதும் சூடேறியபின் இறுகுவதும் ஏன் என்று கேட்டால் சக்கரவாதி வாய் திறப்பதில்லை.

குழாய்வாதிகளின் வாதம் சிறியது: ஹோஸின் உட்புறம் உப்பிவிட்டால், காலின் பலத்துக்கு உள்ளே போகும் எண்ணெய், ஸ்பிரிங்கின் சொற்ப பலத்துக்குத் திரும்பி வராது. மெய்தான், ஆனால் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி ஹோஸ் இருக்க, இரண்டும் ஒரே நாளில் ஒரே விதமாக உப்பின என்பது யதார்த்தத்துக்குப் பொருந்துவதாக இல்லை.

இனிச் சித்தாந்தம். மைனரின் மாஸ்டர் பம்பு, ஓட்டுபவர் காலடியிலேயே, தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் கம்பளத்தைத் தூக்கி மூடியைத் தேட வேண்டும். அப்பம்பினுள் ஒரு மில்லிமீட்டரும் இல்லாத ஒரு சூட்சும துவாரம் உண்டு. காலை எடுத்தவுடன் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கி, அதன் முன்னுள்ள ரப்பர் கிண்ணம் அத்துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். சூட்டில் விரியும் எண்ணெய் அவ்வழியே தொட்டிக்குத் திரும்பும். புதுப் பம்பை மாட்டும்போது தள்ளுதண்டு ஒரு மயிரிழை நீளமாக அமைந்துவிட்டாலும், கிண்ணம் உப்பினாலும் துவாரம் அடைபடும். அடைபட்டால் விரிந்த எண்ணெய்க்குப் போக்கிடம் ஷூக்களே; ஷூ உரசினால் சூடு, சூடேறினால் விரிவு, விரிந்தால் மீண்டும் உரசல். பீஜாங்குர நியாயத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காசியிலும் கிடைக்காது.

கிண்ணம் ஏன் உப்புகிறது? பிரேக் எண்ணெய்க்குப் பதிலாகக் கைக்கு எட்டிய இஞ்சின் எண்ணெயைச் சொட்டு விட்டு மாட்டுவதனால். இயற்கை ரப்பருக்கும் கனிம எண்ணெய்க்கும் ஜன்மப் பகை. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகளும், கிள்ளான் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய நம் பாட்டன்மாரும் இல்லையேல் இந்நாட்டில் ரப்பர் ஏது? அந்த ரப்பரின் சுபாவத்தை அவர்களுடைய பேரனே அறியாதிருப்பது காலத்தின் கோலம்.

சோதனை முறை வருமாறு. வண்டி இறுகிய அக்கணமே, தே தாரிக்கை ஒத்திவைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை ஜாக்கியில் தூக்கிப் பலமான முட்டின்மேல் இறக்கிவிட்டு, முதலில் பம்பின் வாயிலில் உள்ள குழாய் இணைப்பைச் சற்றே தளர்த்துக. எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் குற்றவாளி பம்பு. விடுபடாவிடில் சக்கரத்து நிப்பிளைத் திறக்க. இப்போது விடுபட்டால் ஹோஸ். அதற்கும் மசியாவிடில் சக்கரவாதிகளிடம் மன்னிப்புக் கோரி டிரம்மைக் கழற்றுக. இவ்வரிசையைத் தலைகீழாக்கி முதலில் நிப்பிளைத் திறந்தால் அழுத்தம் முழுவதும் வெளியேறி, சாட்சியும் கலைந்துபோகும். மறுபடியும் சுபாங்வரை ஓட்ட வேண்டியதுதான். பம்பே குற்றவாளி எனத் தெளிந்தபின் பெடலை விரலால் அழுத்துக. தண்டு பிஸ்டனைத் தொடுமுன் அது சிறிதேனும் வெறுமனே அசைய வேண்டும். அசையாத பெடலுக்குத் தண்டைச் சீர்செய்வதே சிகிச்சை.

இவ்வாறு குணமடைந்த வண்டிகள், சரிவிலே நிறுத்தினால், தம் இஷ்டம்போல் உருண்டு செல்வதாகப் பின்னர் முறையிடப்படுகிறது. அது கைப்பிரேக்கைச் சார்ந்த வியாதி. பிடிக்கவே பிடிக்காத வர்க்கம். அதற்குத் தனி நூல் வேண்டும்.