வாஷர் வாங்கப் போனவர்

புனே பக்கத்துக் கடக்வாஸ்லாவில் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1916-இல் தொடங்கப்பட்ட மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அணையையும் துறைமுகத்தையும் குட்டி மாதிரிகளாகக் கட்டி, தண்ணீர் எப்படிப் பாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பிளம்பர் எப்போது வருவார் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

போனில் கேட்டால், "சிங்ககட் ரோட்டில் டிராஃபிக், பத்து நிமிஷம் சாஹேப்" என்பார். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும்.

வந்துவிட்டாலோ, ஸ்பேனரை எடுக்குமுன் முந்தைய ஆளைத் திட்டுவது சம்பிரதாயம். "யார் சாஹேப் இதைப் போட்டது? த்ரெட்டே போச்சே!" போட்டவர் அவரேதான். அதை நினைவூட்டினால் மறுபடி வரமாட்டார் என்பதால் நாமும் சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். பிறகு டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, வாஷர் வாங்கி வருகிறேன் என்று அட்வான்ஸோடு கிளம்புவார். அந்த வாஷர் விற்கும் கடை எங்கே என்பது ராணுவ ரகசியம். பக்கத்திலேயே தேசிய பாதுகாப்பு அகாதமி இருப்பதால் நாமும் துருவிக் கேட்பதில்லை.

1961 ஜூலை 12-இல் பான்ஷேத் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. அதையே திரும்பக் கட்டிவிட்டார்கள். புனே இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அடுக்களைக் குழாய் அவ்வளவு சுலபமான வேலையில்லை போலும்.

இந்தப் பக்கம் குடிவருகிறவர்கள் நல்ல பிளம்பரின் எண் ஒன்றும் பெரிய வாளி ஒன்றும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாளி கட்டாயம் உதவும்.