நீதிக் கதையும் கடலைத் தோலும்

புனே நகரத்தில் குடியேறிய தமிழ்த் தாத்தா ஒருவர் தம் பேரக் குழந்தைகளுக்குச் சன்மார்க்கம் போதிக்க விரும்பினால், அரிச்சந்திரனைத் தேடிக் காசிக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. பத்து வயதில் இவ்வூருக்கு வந்து சேர்ந்த பாலகங்காதர திலகரும், இங்கே பெர்குஸன் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கோபால கிருஷ்ண கோகலேயும் பாலப் பருவத்திலேயே அதற்கு வேண்டிய கதைகளைத் தயார்செய்து வைத்துவிட்டார்கள். வகுப்பில் சிதறிக் கிடந்த கடலைத் தோலைப் பொறுக்கச் சொன்ன உபாத்தியாயரிடம், தாம் தின்னாத கடலைக்குத் தாம் தோல் பொறுக்க முடியாது என்று திலகர் மறுத்தாராம். கணக்கைச் சரியாகப் போட்டதற்காக மெச்சிய உபாத்தியாயரிடம், அது பிறர் உதவியால் போட்டது என்று சொல்லிக் கோகலே அழுதாராம்.

இவ்விரண்டையும் ஒரே இரவில் சொல்லி முடித்துத் திருப்தியோடு நான் நித்திரை போனேன். ஒன்பது வயதுப் பேரனுக்கு முதல் கதை உடனே ஜீரணமாகிவிட்டது என்பது மறுநாள் மாலை தெரிந்தது. ஊஞ்சலுக்கடியில் கிடந்த கடலைத் தோலைப் பாட்டி வாரச் சொன்னபோது, அவன் தரையில் குந்தி அவற்றை இரண்டு குவியலாகப் பிரித்து, இரட்டைப் பருப்புத் தோல் தன்னுடையது, ஒற்றைப் பருப்புத் தோல் தங்கையுடையது என்று பாகப்பிரிவினை செய்து, தன் பங்கை மட்டும் குப்பைக் கூடையில் போட்டான். திலகராவது 1879-ல் சட்டப் பட்டம் பெற்றவர். இவன் அந்தச் செலவுகூட வைக்கவில்லை. மிச்சத்தை வேலைக்காரம்மாள் பெருக்கிய பிறகு, கூடம் சுத்தமாயிருப்பதைக் கண்ட பாட்டி, "சமர்த்துடா கண்ணா!" என்று அவனை உச்சிமோந்தாள். கோகலேயின் கண்ணீர் இப்போது வரும் என்று காத்திருந்தேன். அவனோ அந்தப் புகழ்ச்சியை ஒரு மந்திரிக்குரிய கம்பீரத்தோடு ஏற்றுக்கொண்டான். 1907-ல் சூரத் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது திலகரும் கோகலேயும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். இவன் எந்த அணி என்பதில் எங்கள் வீட்டில் அபிப்பிராய பேதம் கிடையாது.

தேசபக்தர்கள் கைவிட்ட நிலையில் நான் சாஸ்திரத்தைச் சரணடைந்தேன். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து அறிஞர் பியாஜே, குழந்தைகளின் தர்மபுத்தியைப் பற்றி 1932-ல் ஒரு நூல் எழுதினார். கதவைத் திறந்தபோது தெரியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்தவன் ஒருவன். அம்மா இல்லாத சமயத்தில் அலமாரியிலிருந்த ஜாமைத் திருடப்போய் ஒரே கோப்பையை உடைத்தவன் மற்றொருவன். இவர்களில் யார் பொல்லாதவன் என்று அவர் பிள்ளைகளைக் கேட்டார். சிறு பிள்ளைகள் சேதத்தை எண்ணுவார்கள், வளர்ந்த பிள்ளைகள் எண்ணத்தைப் பார்ப்பார்கள் என்பது அவர் கண்டது. ஐந்து வயதுப் பேத்தி, நூல் எழுதியவருக்கு ஒரு குறையும் வைக்காமல், "பதினஞ்சு உடைச்சவன்தான்" என்றாள். பேரன் சற்று யோசித்தான்.

"ஜாம் எடுத்தவன்தான் தாத்தா. ஆனா, அவனுக்கு எட்டாத உசரத்துல அதைக் கொண்டுபோய் வெச்சது யாரு?"

தீபாவளியிலிருந்து பாகர்வடிப் பலகார டப்பாவைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்த என் மனைவி, இந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்ததே நான்தான் என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.