பூட்டிய பீரோவில் ஒரு பட்டப்படிப்பு

படம் எடுக்கப் படிப்பது நம் ஊரில் விஞ்ஞானம். பட்டத்தின் பெயரே பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன். சந்தேகம் இருந்தால் ஒரு விஸ்காம் மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டுங்கள். நோக்கம்: உருவப்படம் எடுத்தல். தேவையான கருவிகள்: கேமரா, டிரைபாட், விளக்கு. அதன்கீழ் செய்முறை, போன வருஷத்து சீனியர் நோட்டைப் பார்த்து வரிக்கு வரி எழுதியது. கடைசியில் முடிவு: இவ்வாறாக உருவப்படம் வெற்றிகரமாக எடுக்கப்பட்டது. எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தில் இருக்கும் பையன் கண்ணை மூடியிருப்பான். அதனால் என்ன? அட்டை போட்டிருக்கிறதா, ஓரத்தில் கோடு அடித்திருக்கிறதா என்று பார்த்துத்தானே மார்க்.

கேமரா இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள், மானநஷ்ட வழக்கு வரும். இருக்கிறது. பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி ஹெச்.ஓ.டி.யிடம் இருக்கிறது. ஹெச்.ஓ.டி. மீட்டிங்கில் இருக்கிறார். இரண்டு சமயங்களில் மட்டும் அது வெளிச்சம் பார்க்கும். அட்மிஷன் சமயத்தில் மேஜைமேல் வெல்வெட் துணி விரித்து வைத்திருப்பார்கள். நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்திருக்கும் அப்பா அதைத் தொடாமல் எட்டி நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இன்னொன்று, கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும் நாள். அன்று மாணவர் ஒருவர் கழுத்தில் அதை மாட்டி மரத்தடியில் நிறுத்துவார்கள். பேட்டரி சார்ஜ் இல்லாதது குழுவுக்குத் தெரியாது. மற்ற நாட்களில் ‘தொலைஞ்சா யார் பொறுப்பு?’ என்ற ஒரே கேள்வி மூன்று வருஷத்தை ஓட்டிவிடும். லேப் ஃபீஸ் மட்டும் செமஸ்டர் தவறாமல் தொலைந்துகொண்டிருக்கும். அதற்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே ஒளிப்படக்கலை சொல்லித்தந்தார்கள். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவில் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்கு அதே தஞ்சாவூருக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் என்று பஸ்ஸில் கூட்டிப்போகிறார்கள். கோயில் வாசலில் பேனர் பிடித்து ஒரு குரூப் போட்டோ. அதையும் டிரைவர் எடுப்பார்.

பாடத்திட்டத்தில் ஃபிலிம் கழுவுவது இன்னும் உண்டு. டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ, வரிசை மாறாமல் எழுதினால் பத்து மார்க். ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் செய்துகொண்டிருந்த அரசாங்க ஆலையையே மூடிவிட்டார்கள். பாடம் மட்டும் மூடவில்லை. டார்க் ரூம் என்று போர்டு மாட்டிய அறையைத் திறந்தால் கால் உடைந்த பெஞ்சும், பழைய பட்டமளிப்பு விழா ஃபிளெக்ஸும். இருட்டு மட்டும் அசல்.

‘புதிய ஊடகம்’ என்று ஒரு தாள் இருக்கிறது. அதன் சிறப்பு, அது கரும்பலகையில் நடக்கும். ஏனென்றால் வளாகத்துக்குள் செல்போன் கூடாது. பிடித்தால் பறிமுதல், அபராதம், அப்பாவைக் கூட்டி வா. காலையில் கேட்டில் போனைப் பிடுங்கிக்கொண்டு பத்து மணிக்கு ‘சமூக ஊடகத்தின் ஐந்து நன்மைகளை விளக்குக’ என்று நோட்ஸ் சொல்லும் துணிச்சல் உலகத்தில் வேறு எந்தப் பாடத்துக்கும் வாய்த்திருக்காது. நீச்சல் பயிற்சிக்கு ஆள் சேர்த்துவிட்டு, நனைந்தால் டி.சி. என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் சலுகை: ஐந்து மணிக்குமேல் வெளியே படம் எடுக்கப் போகவேண்டாம், பொங்கல் விழாக் கோலத்தை எடுத்தால் போதும்.

சொல்லிக்கொடுப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரைத் தேர்ந்தெடுத்த முறையைப் பாருங்கள். நெட் தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். ஒரு இடத்திலும் ஷட்டரை அழுத்த வேண்டாம். இருபது வருஷம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவர் நெட், செட், பிஎச்.டி. எதுவும் இல்லாமல் நிரந்தர உதவிப் பேராசிரியராக நுழைய முடியாது. சீரியல்களின் தாக்கம் பற்றி ஆய்வு செய்தவர் லைட்டிங் எடுக்கலாம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இல் யு.ஜி.சி. சொன்னது. ஒரு சுயநிதிக் கல்லூரி அலுவலகத்தில் அந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். அக்கவுண்டண்ட் எழுந்து நின்று சிரிப்பார்.

ஆனால் ஒரு பிராக்டிகல் மட்டும் தவறாமல் நடக்கும். ஆண்டு விழா.

அன்று கேமரா மாணவருடையது; அக்காவின் கல்யாணச் சீட்டுப் பணத்தில் வாங்கியதோ, வாடகைக்கு எடுத்ததோ. அழைப்பு வராது, உத்தரவுதான் வரும்: “தம்பி, உனக்கு ஆன் டூட்டி போட்டுடறேன், காலைல ஏழு மணிக்கு வந்துடு.” குத்துவிளக்கின் முதல் திரியைக் கரஸ்பாண்டண்ட் ஐயா ஏற்றுகையில் சுடரும் தெரியவேண்டும், ஐயாவின் முகமும் தெரியவேண்டும், பின்னால் நிற்கும் அம்மாவும் மறையக்கூடாது. பொன்னாடை போர்த்துவதைத் தவறவிட்டால் சீஃப் கெஸ்ட் தோளிலிருந்து எடுத்து மறுபடி போர்த்துவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் இவனுக்கு இலை இல்லை. ராத்திரி முழுக்கச் சொந்த லேப்டாப்பில் உட்கார்ந்து முந்நூறு படத்தைச் சரிசெய்து, காலையில் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றி வராது, ஒரு திருத்தம் வரும்: “ஐயா கொஞ்சம் கறுப்பா தெரியறாரு, வெள்ளையாக்கிடு.” நமது பல்கலைக்கழகங்கள் கற்றுத்தரும் ஒளிப்பட அழகியல் இதுதான், முழுதாக.

மறுவாரம் அந்தப் படம் ஹைவே ஓரத்து ஃபிளெக்ஸில் நிற்கும். அடுத்த ஜூனில் பிராஸ்பெக்டஸ் அட்டையில் வரும். ஓரத்தில் கல்லூரி முத்திரை உண்டு. எடுத்தவன் பெயர் இருக்காது. படிக்கப் பணம் கட்டியவனிடமே கூலியில்லாமல் வேலை வாங்கி, அந்த வேலையைக் காட்டி அடுத்த வருஷத்துப் பிள்ளைகளின் அப்பன்களிடம் பணம் பறிக்கிறார்கள். வெளியே இதைச் செய்தால் போலீஸ் வேறு பெயர் வைக்கும். உள்ளே இதற்கு ‘எக்ஸ்போஷர்’ என்று பெயர்.

தம்பி, தங்கச்சி, உங்கள் பாடத்திட்டத்தில் ஊடகச் சட்டம் என்று ஒரு தாள் இருக்கும். அதை மட்டும் நோட்ஸை நம்பாமல் நீங்களே படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். சம்பளத்துக்கு வைத்தோ பணம் கொடுத்தோ எடுக்கச் சொன்னால்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை சொன்னவருக்குப் போகும். உங்களுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. அட்டெண்டன்ஸ்தான் கூலி என்று கோர்ட்டில் வாதாட வந்தால் வரட்டும், அந்த வாக்குமூலத்தை நாடே கேட்கட்டும். 19ஆம் பிரிவு, எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தராமல் உரிமை கைமாறாது என்கிறது. 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்டாலும் ‘எடுத்தது நான்’ என்று சொல்லும் உரிமை உங்களோடு இருக்கும் என்கிறது. எடிட் செய்யாத மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கும்வரை வாயைத் திறக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆறாவது செமஸ்டர் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கைக்கு வந்த மறுநாள் ஒரு பில் போடுங்கள். பெறுநர் இடத்தில் கரஸ்பாண்டண்ட் பெயர், பொருள் இடத்தில் பிராஸ்பெக்டஸ் அட்டைப்படம். தொகை எவ்வளவு என்று குழம்பவேண்டாம்; மூன்று வருஷம் கட்டிய லேப் ஃபீஸ் ரசீதுகளைக் கூட்டி எழுதுங்கள்.